கல்வி ஆய்வுச் சங்கத்துக்கு நிர்வாகக் குழு தேர்ந்தெடுப்பது எப்படி? உறுப்பினர் பதிவேடு முதல் படிவம் 7 வரை

வாசிப்புத் திறன், இடைநிற்றல், மலைக் கிராமப் பள்ளிகள் என்று நல்ல ஆய்வுகளைச் செய்யும் சிறிய கல்வி ஆய்வு அமைப்புகள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கின்றன. நடத்துபவர்கள் பெரும்பாலும் பணியில் இருக்கும் ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற பேராசிரியர்கள். ஆய்வுக் கேள்வித்தாள் தயாரிப்பதில் அவர்கள் காட்டும் கவனம், நிர்வாகக் குழுத் தேர்தல் என்று வரும்போது இருப்பதில்லை. நான் ஓர் அமைப்பில் செயலாளர் பொறுப்புக்கு வந்த நேரத்தில், முந்தைய குழுவின் பதவிக்காலம் முடிந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. வங்கி யாருடைய கையெழுத்தையும் ஏற்கவில்லை. நிதி தந்த நிறுவனம் அடுத்த தவணையை நிறுத்தி வைத்தது. களப்பணியாளர்களுக்குச் சம்பளம் போகவில்லை. அதைச் சரிசெய்ய அலைந்தபோது கற்றதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். புதிதாகப் பொறுப்புக்கு வந்திருப்பவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

முதலில் ஒரு விஷயம். இதில் சொல்வதெல்லாம் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான அமைப்புகளுக்கு மட்டும். உங்கள் அமைப்பு டிரஸ்ட்டாகவோ, கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிவான நிறுவனமாகவோ இருந்தால் வழி வேறு. பெயரில் ‘மையம்’, ‘நிறுவனம்’, ‘ஃபவுண்டேஷன்’ என்று என்ன இருந்தாலும் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பதிவுச் சான்றிதழை எடுத்து எந்தச் சட்டம் என்று பாருங்கள்.

1. எந்த இடம் தேர்தலால் நிரம்புகிறது, எது நியமனத்தால் நிரம்புகிறது?

எல்லாக் கல்வி ஆய்வு அமைப்பிலும் ஓட்டுப் போட்டுத்தான் குழு வருகிறது என்று நினைக்க வேண்டாம். பள்ளிப் பாடநூல்களைத் தயாரிக்கும் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் கழகமும் (என்சிஇஆர்டி) பதிவு பெற்ற சங்கம்தான். 1860-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 1961-இல் பதிவானது. ஆனால் அதன் தலைவர் ஒன்றியக் கல்வி அமைச்சர். மாநிலக் கல்வி அமைச்சர்கள் பொதுக்குழுவில் பதவி வழியாக உறுப்பினர்கள். அங்கே யாரும் வேட்புமனு போடுவதில்லை. இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றத்தின் (ஐசிஎஸ்எஸ்ஆர்) நிதி பெறும் ஆய்வு நிறுவனங்களின் குழுவிலும் அந்த மன்றத்தின் பிரதிநிதி, மாநில அரசின் பிரதிநிதி என்று நியமன இடங்கள் உண்டு.

சிறிய சங்கங்களில் இது கலப்பாக இருக்கும். எடுத்துக்காட்டாக ஒன்பது பேர் குழுவில் ஆறு பேர் தேர்தலில் வருவார்கள். ஒருவர் பல்கலைக்கழகம் அனுப்பும் பிரதிநிதி. ஒருவர் பதவி வழியாக வரும் ஆய்வு இயக்குநர். ஒருவர் குழுவே சேர்த்துக்கொள்ளும் கல்வியாளர். இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரதிநிதி கேட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தால் அதைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். நியமன இடம் காலியாக இருந்தாலும் குழு செயல்படலாம் என்று உங்கள் துணைவிதியில் (பைலா, அதாவது சங்கத்தின் சொந்த விதிகள்) ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் அந்தக் கடிதத்துக்காக எல்லாமே காத்திருக்க வேண்டிவரும்.

சட்டப்படி குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். அதற்கு மேல் எத்தனை பேர் என்பதை உங்கள் துணைவிதிதான் சொல்லும். துணைவிதி ஒன்பது என்றால் ஒன்பதுதான். ஆர்வமாக இரண்டு பேர் கூடுதலாக நின்றார்கள் என்று பதினொரு பேரை எடுத்துக்கொள்ள முடியாது.

2. துணைவிதியின் சான்றிட்ட நகலை வாங்குங்கள்

அலுவலக அலமாரியில் இருக்கும் பைலாவை நம்ப வேண்டாம். எத்தனையோ சங்கங்களில் அது பதிவுக்கு முந்தைய வரைவாகவோ, திருத்தத்துக்கு முந்தைய படியாகவோ இருக்கும். உங்கள் சங்கம் பதிவான மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். கூடவே கடைசியாகக் கோப்பில் ஏறிய நிர்வாகக் குழுப் பட்டியலின் நகலையும் கேளுங்கள். ‘அவர்கள் கணக்கில் இப்போது யார் செயலாளர்’ என்பது அதில்தான் தெரியும். சில அமைப்புகளில் இறந்துபோனவர் பெயர் இன்னும் பொருளாளராக இருக்கும்.

விண்ணப்பத்துக்குச் சங்கத்தின் பெயர், பதிவு எண், பதிவான ஆண்டு மூன்றும் வேண்டும். கட்டணத்தைப் பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளம் காட்டும் தொகைப்படி செலுத்தி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கட்டணங்கள் அவ்வப்போது மாறுகின்றன. போன முறை கட்டியவர் சொல்லும் தொகையை வைத்துக்கொண்டு போகாதீர்கள். இடைத்தரகர் யாருக்கும் கையில் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

நகல் வந்ததும் இவற்றை அடிக்கோடிடுங்கள்: ஓட்டுரிமை யாருக்கு, சந்தா பாக்கி வைத்தவர் நிலை என்ன, கூட்ட அறிவிப்புக்கு எத்தனை நாள், எந்த வழியில் அனுப்ப வேண்டும், கோரம் (கூட்டம் செல்ல வேண்டுமானால் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும்) எவ்வளவு, பதிலி ஓட்டு (வராதவருக்காக வேறொருவர் போடுவது) உண்டா, இணையவழிக் கூட்டத்துக்கு இடம் இருக்கிறதா, தலைவரையும் செயலாளரையும் பொதுக்குழு நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறதா அல்லது குழு கூடித் தேர்ந்தெடுக்கிறதா. கடைசியில் சொன்னதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

தேர்தலோடு துணைவிதியையும் திருத்திவிடலாம் என்று ஒரு யோசனை வரும். அது வேறு வேலை. அதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். கூட்டத்துக்கு வந்திருக்கும் ஓட்டுரிமை உள்ளவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும். திருத்தம் பதிவாளரிடம் பதிவான பிறகே செல்லும். காலையில் திருத்தி மாலையில் அந்தத் திருத்தப்படி தேர்தல் நடத்தினால் அந்தத் தேர்தல் நிற்காது. இந்தத் தேர்தலைப் பழைய விதிப்படியே முடியுங்கள்.

3. பதவிக்காலத்தைக் கணக்கிட்டுப் பின்னோக்கி வாருங்கள்

சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி குழு உறுப்பினரின் பதவிக்காலம், நியமிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. அதே ஆட்களை மீண்டும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ‘எல்லாரும் அவரே இருக்கட்டும் என்கிறார்கள், எதற்குத் தேர்தல்?’ என்று விட்டுவிடுவதுதான் சிக்கலின் தொடக்கம். காலம் முடிந்த குழு கூட்டிய கூட்டம் செல்லுமா என்ற கேள்வியை யாராவது ஒருவர் எழுப்பினால் போதும், அதற்குப் பிறகு நடந்த எல்லாமே சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். துணைவிதி இரண்டு ஆண்டு என்று சொன்னால் இரண்டுதான். ஐந்து ஆண்டு என்று இருந்தாலும் சட்டம் சொல்லும் மூன்றுக்கு மேல் கிடையாது.

ஒரு கால அட்டவணை தருகிறேன். பதவிக்காலம் செப்டம்பர் 30-இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஏப்ரல்: உறுப்பினர் பதிவேட்டைச் சரிசெய்யும் வேலை. கணக்கை ஆடிட்டரிடம் கொடுப்பது.
ஜூன்: நிர்வாகக் குழுக் கூட்டம். தேர்தல் நாள், தேர்தல் அலுவலர் இரண்டுக்கும் தீர்மானம்.
ஜூன் கடைசி: வரைவு வாக்காளர் பட்டியல். ஆட்சேபத்துக்குப் பத்து நாள்.
ஜூலை நடு: இறுதிப் பட்டியல், கூட்ட அறிவிப்பு, வேட்புமனு அட்டவணை.
ஆகஸ்ட் நடுவில் ஒரு ஞாயிறு: பொதுக்குழு, தேர்தல்.
ஆகஸ்ட் கடைசி: புதிய குழுவைத் தெரிவிக்கும் படிவம் 7 பதிவாளரிடம்.

செப்டம்பரில் கூட்டம் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். காலாண்டுத் தேர்வு வந்துவிடும். ஆசிரியர்கள் வர மாட்டார்கள். கோரம் இல்லாமல் கூட்டம் தள்ளிப்போனால் மீண்டும் அறிவிப்பு அனுப்ப நாள் இருக்காது. கோடை விடுமுறையிலும் வேண்டாம், பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். சட்டமன்ற, உள்ளாட்சித் தேர்தல் நடக்கும் ஆண்டு என்றால் ஆசிரியர்களின் பயிற்சி வகுப்பு நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. உறுப்பினர் பதிவேடு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் உங்களால் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நான் பார்த்த தேர்தல் தகராறுகளில் பெரும்பாலானவை ‘அவர் உறுப்பினரே இல்லை’, ‘என்னை ஏன் விட்டீர்கள்’ என்ற இரண்டில் ஒன்றில்தான் தொடங்கின. ஓட்டு எண்ணுவதில் யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் பெயர், முகவரி, சேர்ந்த தேதி, எந்த வகை உறுப்பினர், சேர்க்க ஒப்புதல் தந்த தீர்மானத்தின் தேதி, விலகியிருந்தால் விலகிய தேதி இவை இருக்க வேண்டும். தீர்மானத் தேதி என்ற கட்டத்தைத்தான் பலர் காலியாக விட்டிருப்பார்கள். ஆய்வுத் திட்டத்தில் வேலை செய்ய வந்தவர்களை, பயிற்சிப் பட்டறைக்கு வந்தவர்களை எல்லாம் வாய்மொழியாக ‘நம்ம சங்க உறுப்பினர்’ என்று சொல்லிக்கொண்டே வந்திருப்போம். விண்ணப்பமும் சந்தா ரசீதும் ஒப்புதல் தீர்மானமும் இல்லாமல் ஒருவர் உறுப்பினர் ஆவதில்லை. கல்வி ஆய்வுச் சங்கங்களில் இந்தக் குழப்பம் கூடுதலாக வரும். சம்பளம் வாங்கும் ஆய்வு உதவியாளர் யார், உறுப்பினர் யார் என்ற கோடு அங்கே மங்கலாகவே இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். பழைய மினிட் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பு) புத்தகங்களை முதல் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு உட்காருங்கள். சேர்க்கைத் தீர்மானங்களைத் தேதியோடு எழுதுங்கள். சந்தா ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையோடு ஒப்பிடுங்கள். இறந்தவர்கள், எழுத்தில் விலகியவர்கள் பெயருக்கு எதிரே ஆதாரத்தைக் குறியுங்கள். ஆண்டுதோறும் பதிவாளரிடம் தாக்கல் செய்த உறுப்பினர் பட்டியலோடு கடைசியாக ஒருமுறை சரிபாருங்கள். இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் காரணத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதிவாளர் அலுவலகத்தில் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம்.

சந்தா பாக்கி உள்ளவர்களுக்கு ஓட்டு இல்லை என்று துணைவிதி சொன்னால், எல்லாருக்கும் ஒரே தேதியைக் கெடுவாக வைத்து எழுத்தில் தெரிவியுங்கள். ‘வேண்டியவர்களுக்கு’ மட்டும் போனில் ஞாபகப்படுத்துவது நடக்கும். அது நியாயமும் இல்லை, பின்னால் வழக்காகவும் மாறும். கெடுவுக்குப் பிறகு யாருடைய பணத்தையும் வாங்கிப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அதேபோல, தேர்தல் நாள் குறித்த பிறகு புதிய உறுப்பினர்களைக் கூட்டமாகச் சேர்க்கும் பழக்கத்துக்கும் இடம் கொடுக்காதீர்கள்.

5. யார் நிற்கலாம்? அரசுப் பணியில் இருப்பவர்கள் கவனத்துக்கு

கல்வி ஆய்வு அமைப்பில் நிற்க முன்வருபவர்களில் பாதிக்கு மேல் அரசுப் பள்ளி ஆசிரியர்களாகவோ கல்லூரி ஆசிரியர்களாகவோ இருப்பார்கள். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் (1964) பொருந்துபவர்கள் என்றால் 15-ஆம் விதியைப் படியுங்கள். பதிவு பெற்ற இலக்கிய, அறிவியல், அறச் சங்கத்தின் வேலைகளில் அனுமதி இல்லாமலே பங்கெடுக்கலாம். ஆனால் தேர்ந்தெடுக்கப்படும் பதவி என்றால் முன் அனுமதி வேண்டும். மாநில அரசு ஊழியர்களுக்கு 1973-ஆம் ஆண்டின் தனி நடத்தை விதிகள் உண்டு. எந்த விதி உங்களுக்கு என்று வாதாடிக்கொண்டிருக்காமல், நிற்பதற்கு முன்பே தலைமையாசிரியர் அல்லது முதல்வர் வழியாக எழுத்தில் அனுமதி கேளுங்கள். கடிதத்தில் சங்கத்தின் பதிவு எண், நோக்கம், பதவி ஊதியமில்லாதது, அலுவலக நேரத்தைத் தொடாது என்பவற்றைச் சொல்லுங்கள். அனுமதி வரச் சில வாரங்களாவது ஆகும். அதனால்தான் ஏப்ரலிலேயே தொடங்கச் சொல்கிறேன்.

ஆய்வு அமைப்புக்கே உரிய இன்னொரு சங்கடம்: சங்கத்திலிருந்து சம்பளமோ திட்டத் தொகையோ வாங்குபவர் நிர்வாகக் குழுவில் இருக்கலாமா? துணைவிதி தடுக்காவிட்டால் இருக்கலாம்தான். ஆனால் தன் திட்டத்துக்குத் தானே நிதி ஒதுக்கும் கூட்டத்தில் அவர் உட்காரக் கூடாது. வெளியே போனார் என்பது மினிட்டில் ஏற வேண்டும். வருமான வரி விலக்கு பெற்ற அமைப்பு, குழு உறுப்பினருக்கோ அவருடைய உறவினருக்கோ நியாயமான அளவுக்கு மேல் பணம் கொடுத்தால் விலக்கே கேள்விக்குள்ளாகும். கணவர், மனைவி, மகன் என்று ஒரே குடும்பத்தில் மூன்று பேர் குழுவில் இருப்பதையும் நிதி தருபவர்கள் விரும்புவதில்லை. எனக்குத் தெரிந்தவரை நல்ல ஏற்பாடு, ஆய்வின் தரத்தைப் பார்க்கத் தனியாக ஓர் ஆய்வு ஆலோசனைக் குழுவை வைத்துவிட்டு, நிர்வாகக் குழுவைப் பணம், ஆட்கள், சட்டப் பொறுப்பு இவற்றோடு நிறுத்திக்கொள்வது. பெரிய பேராசிரியர்களை ஆலோசனைக் குழுவுக்கு அழையுங்கள். நிர்வாகக் குழுவுக்கு மாதம் ஒரு நாள் ஒதுக்கக்கூடியவர்கள் வேண்டும்.

6. தேர்தல் அலுவலரும் வேட்புமனுவும்

தேர்தல் அலுவலர் சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவராக இருப்பது நல்லது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைக் கேளுங்கள். பொதுத்தேர்தலில் வாக்குச்சாவடி அலுவலராக இருந்த அனுபவம் அவர்களுக்கு இருக்கும். நிர்வாகக் குழுத் தீர்மானத்தின் நகலோடு நியமனக் கடிதம் கொடுத்து, அவர் சம்மதக் கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

வேட்புமனு ஒரு பக்கம் போதும். போட்டியிடுபவர் பெயர், உறுப்பினர் எண், எந்தப் பதவி, முன்மொழிபவர், வழிமொழிபவர், சம்மதக் கையெழுத்து. பெற்ற தேதியும் நேரமும் எழுதி ஒப்புகை கொடுக்க வேண்டும். பரிசீலனை ஒரு நாள், வாபஸ் வாங்க இரண்டு நாள். இடத்துக்கு ஓர் ஆள்தான் இருந்தால் போட்டியின்றித் தேர்வு என்று அறிவிக்கலாம். அதையும் பொதுக்குழுவில் வாசித்து மினிட்டில் ஏற்ற வேண்டும். போட்டி இல்லை என்பதற்காகப் பொதுக்குழுவையே விட்டுவிடாதீர்கள்.

7. அறிவிப்பு

பெரும்பாலான துணைவிதிகளில் 21 நாள் என்று இருக்கும். அனுப்பிய நாளையும் கூட்ட நாளையும் சேர்க்காமல் எண்ணுங்கள். தபால் போய்ச் சேரும் நாளையும் கருதி, 30 நாளுக்கு முன்பே அனுப்பிவிடுவது நல்லது. அறிவிப்பில் நாள், நேரம், இடம், நிகழ்ச்சி நிரல், எந்தெந்தப் பதவிக்கு எத்தனை இடம், வேட்புமனு அட்டவணை, தேர்தல் அலுவலர் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். ‘மற்றவை’ என்ற தலைப்பின் கீழ் தேர்தல் நடத்த முடியாது.

எப்படி அனுப்புவது? பழைய துணைவிதிகளில் ‘சர்டிபிகேட் ஆஃப் போஸ்டிங்’ மூலம் என்று எழுதியிருப்பார்கள். தபால் துறை அந்த வசதியை 2011-இலேயே நிறுத்திவிட்டது. பதிவுத் தபாலும் 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. இப்போது ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு வசதியைச் சேர்த்து அனுப்புங்கள். 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய், பதிவு வசதிக்கு 5 ரூபாய், இதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக உள்ளூர்க் கடிதம் ஒன்றுக்கு சுமார் 28 ரூபாய், வெளியூருக்கு சுமார் 61 ரூபாய். அறுபது உறுப்பினர்களில் பாதிப் பேர் வெளியூர் என்றால் மொத்தம் 2,700 ரூபாய் பக்கம் வரும். சிறிய சங்கத்துக்கு இது கையைக் கடிக்கும் தொகைதான். ஆனாலும் இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். உள்ளூர்க்காரர்களுக்கு நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கலாம், அதுவும் நல்ல ஆதாரமே. வாட்ஸ்அப், மின்னஞ்சல் எல்லாம் கூடுதலாக அனுப்புங்கள். துணைவிதி அவற்றை ஏற்காதவரை அவை மட்டும் போதாது.

தபால் ரசீதுகளை ஒரு தாளில் ஒட்டி, எதிரே உறுப்பினர் பெயரை எழுதி, ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். அந்த ரசீதுகளில் அச்சு சில மாதங்களில் மங்கிப்போகும்.

8. கூட்ட நாள்

வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்காமல் யாரையும் உள்ளே விடாதீர்கள். கோரம் இருக்கிறதா என்று தலைவர் அறிவித்த நேரத்தை மினிட்டில் எழுதுங்கள். கோரம் இல்லையென்றால் ஒத்திவைப்பதற்குத் துணைவிதி சொல்லும் முறைப்படியே செய்யுங்கள். ‘வந்தவரை போதும்’ என்று நடத்திவிட்டால் அது மொத்தத்தையும் கெடுக்கும்.

கணக்கறிக்கை முதலில், தேர்தல் அப்புறம். தேர்தல் தொடங்கும்போது அலுவலர் பொறுப்பேற்றார் என்று எழுதுங்கள். கையைத் தூக்கும் முறையைவிட வாக்குச்சீட்டு நல்லது. ஒரே பள்ளியில் வேலை பார்ப்பவர்கள் ஒருவருக்கு எதிராக ஒருவர் கையைத் தூக்கத் தயங்குவார்கள். யாருக்கு எத்தனை ஓட்டு, செல்லாதவை எத்தனை என்பதை அலுவலர் தன் கையெழுத்தோடு அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். வாக்குச்சீட்டுகளை உறையில் போட்டு முத்திரையிட்டு, அடுத்த தேர்தல் வரை வைத்திருங்கள்.

மினிட்டை அன்றே எழுதி முடித்துத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வெற்றி பெற்றவர் பெயரை முன்னெழுத்தோடு, அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். மினிட்டில் ‘எஸ். கண்ணன்’, ஆதாரில் ‘கண்ணன் சுப்பையா’ என்று இருந்தால் வங்கியிலும் பதிவாளர் அலுவலகத்திலும் தனித்தனியாக விளக்கம் எழுத வேண்டிவரும்.

9. படிவம் 7

குழு உறுப்பினர்களில் மாற்றம் வந்தால் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் படிவம் இது. யார் வந்தார்கள், யார் போனார்கள், எந்தத் தேதியில், என்ன காரணத்தால் என்பதுதான் இதன் உள்ளடக்கம். பழையவர்களே மீண்டும் வந்திருந்தாலும் கொடுங்கள். கூட்டம் முடிந்த முதல் மாதத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. தாமதமானால் மன்னிப்புக் கோரும் விண்ணப்பம், கூடுதல் கட்டணம் என்று வேலை நீளும்.

கூட இணைக்க வேண்டிய கட்டு: கூட்ட அறிவிப்பின் நகல், அனுப்பியதற்கான ரசீதுகள், வருகைக் கையெழுத்துப் பக்கம், மினிட் நகல், தேர்தல் அலுவலரின் அறிக்கை, புதிய உறுப்பினர்களின் சம்மதக் கடிதம், அடையாள, முகவரிச் சான்று, விலகியவர்களின் விலகல் கடிதம் அல்லது இறப்புச் சான்று, கடைசியாக ஏற்கப்பட்ட படிவத்தின் நகல். இவை எல்லாம் வரிசையாக, பக்க எண் போட்டு, முதல் பக்கத்தில் அட்டவணையோடு இருந்தால் மேசையில் இருப்பவருக்கும் வேலை எளிது. எங்களுக்கு வேலை நகர்ந்தது இப்படிக் கட்டிக்கொண்டு போன பிறகுதான்.

பெரிய பொறி ஒன்று இங்கே இருக்கிறது. ஆண்டுக் கணக்குகள், உறுப்பினர் பட்டியல் போன்ற தாக்கல்கள் சில ஆண்டுகளுக்கு நிலுவையில் இருந்தால், படிவம் 7-ஐ வாங்குவதற்கு முன் அவற்றை முடிக்கச் சொல்வார்கள். பழைய ஆண்டுகளுக்கு ஆடிட் செய்ய வேண்டும். ஆடிட்டர் கட்டணம், தாமதக் கட்டணம் இரண்டும் சேரும். மொத்தச் செலவில் பெரிய பங்கு இதுவாகத்தான் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஒழுங்காகத் தாக்கல் செய்யும் சங்கத்துக்குத் தேர்தலால் வரும் செலவு தபால், அச்சு, மண்டப வாடகை, தேநீர், நகல் கட்டணம் இவ்வளவுதான். ஏப்ரலில் பதிவேட்டைப் பார்க்கும்போதே எந்த ஆண்டுகள் நிலுவை என்றும் பார்த்து, அப்போதே தொடங்கிவிடுங்கள்.

இரண்டு தரப்பு இரண்டு குழுவைக் காட்டி, இரண்டு படிவம் 7 கொடுத்தால்? எது சரியான தேர்தல் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் பதிவாளருக்கு இல்லை. தகராறு இருந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2005-இல் சொல்லியிருக்கிறது. சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவில் பதிவாளர் விசாரணை நடத்தலாம். தானாகவோ, குழுவின் பெரும்பான்மையினரோ மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களோ கேட்டாலோ, மாவட்ட ஆட்சியர் சொன்னாலோ நடத்தலாம். ஆனால் அதனால் உங்கள் தேர்தல் தகராறு தீர்ந்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். வழக்கு முடியும்வரை வங்கி பணம் விடாது, ஆய்வு நிற்கும். அதனால் எதிர்த்தரப்பில் யாராவது ஆட்சேபம் எழுப்பினால் அதைத் தேர்தலுக்கு முன்பே எழுத்தில் வாங்கி, எழுத்திலேயே பதில் சொல்லிவிடுங்கள். சாதாரணத் தேர்தலுக்கு வக்கீல் தேவையில்லை. ஆனால் இரண்டாவது குழு ஒன்று முளைக்கிறது என்று தெரிந்த அன்றே ஒருவரைப் பாருங்கள்.

10. படிவம் ஏறிய பிறகு

படிவம் 7 கோப்பில் ஏறியதற்கான சான்றிட்ட நகலை வாங்குங்கள். மூன்று நான்கு பிரதிகள் வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் ஒன்று கேட்பார்கள்.

வங்கி: யார் யார் கையெழுத்திடுவார்கள், தனியாகவா சேர்ந்தா என்ற தீர்மானம், சான்றிட்ட நகல், புதியவர்களின் பான், ஆதார், புகைப்படம். பழைய கையெழுத்தாளர் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். இணைய வங்கி வைத்திருந்தால் கைபேசி எண்ணை மாற்ற மறக்காதீர்கள்; ஓடிபி இன்னமும் பழைய பொருளாளருக்கே போய்க்கொண்டிருக்கும்.

வருமான வரித் தளத்தில் முதன்மைத் தொடர்பாளர் விவரத்தை மாற்றுங்கள். புதியவரின் பெயரில் டிஜிட்டல் கையெழுத்தும் வாங்க வேண்டியிருக்கும். தொண்டு அமைப்புகள் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்ப்பண் தளத்தில் பொறுப்பாளர் பட்டியலைப் புதுப்பியுங்கள். அரசு மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தளம் தந்த எண்ணையும் அங்கே இருக்கும் பெயர்களையும்தான் பார்ப்பார்கள்.

வெளிநாட்டு நிதி பெறும் அனுமதி இருந்தால் இது கட்டாயம்: முக்கியப் பொறுப்பாளர் மாற்றத்தை எஃப்சி-6ஈ படிவத்தில் 45 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். 45 நாள் மாற்றம் நடந்த தேதியிலிருந்து ஓடத் தொடங்கும். பதிவாளரிடமிருந்து நகல் வரட்டும் என்று காத்திருந்தால் கெடு கடந்துவிடும். தில்லி நாடாளுமன்ற வீதியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில் இருக்கும் உங்கள் வெளிநாட்டு நிதிக் கணக்குக்கும் கையெழுத்தாளரை மாற்ற வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை உங்கள் ஊர் ஸ்டேட் வங்கிக் கிளை வழியாக அனுப்பலாம்.

நிதி தரும் நிறுவனங்களுக்கும், ஒப்பந்தம் போட்டிருக்கும் பல்கலைக்கழகத்துக்கும், ஆய்வுக்கு அனுமதி தந்த கல்வி அலுவலகத்துக்கும் புதிய குழுவின் பட்டியலை அனுப்புங்கள். பள்ளிகளில் களப்பணி நடந்துகொண்டிருந்தால் பழைய செயலாளர் கையெழுத்திட்ட அடையாளக் கடிதங்களைத் திரும்ப வாங்கிப் புதியவை கொடுங்கள். தலைமையாசிரியர் ஒருவர் போன் செய்து கேட்கும்போது பழையவர் ‘நான் இப்போது அங்கே இல்லையே’ என்று சொன்னால் அன்றைய களப்பணி அதோடு போச்சு.

ஒப்படைப்பையும் எழுத்தில் செய்யுங்கள். மினிட் புத்தகங்கள், ரசீதுப் புத்தகங்கள், காசோலைகள், முத்திரை, பதிவுச் சான்றின் அசல், இணையதளங்களின் கடவுச்சொற்கள், ஆய்வுத் தரவுகள் இருக்கும் ஹார்டு டிஸ்க் இவற்றைப் பட்டியல் போட்டு இரண்டு தரப்பும் கையெழுத்திடுங்கள். தரவுகளைக் கடைசியில் சொன்னாலும் முதலில் வாங்க வேண்டியது அவற்றைத்தான். குழந்தைகளின் பெயரும் மதிப்பெண்ணும் இருக்கும் கோப்புகள் பதவி முடிந்தவரின் வீட்டுக் கணினியில் இருக்கக் கூடாது. நகல் எடுத்துச் சரிபார்த்த பிறகு அங்கிருந்து அழித்தாயிற்று என்று அவரிடம் எழுதி வாங்கி, அந்தத் தாளையும் ஒப்படைப்புப் பட்டியலோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.